முடியாது, மாட்டான்

திருவனந்தபுரத்தில் கேரள அரசின் விளையாட்டுத் துறைக்குப் பெயர் ‘காயிக வகுப்பு’. காயம் என்ற வடசொல்லுக்கு உடல் என்று பொருள். அதிலிருந்து பிறந்ததுதான் மலையாளத்தின் ‘காயிகம்’, அதாவது விளையாட்டு. உடல்தகுதிக்கு அங்கே ‘காயிகக்ஷமத’ என்பார்கள். தமிழ் பேசுபவர் இந்தச் சொற்களைப் பலகையில் படித்ததும் ஒரு கணம் தயங்குவார். உடலுக்குக் காயம் என்ற பெயர் தமிழிலும் உண்டு என்றாலும், அன்றாடத் தமிழில் காயம் என்றால் அடிபட்ட புண்ணையே குறிக்கும். ஒலி ஒன்றுபட்ட இருவேறு சொற்கள் இவை. தமிழரின் இந்தக் காயத்தை மலையாளி ‘பரிக்கு’ என்பார்.

இந்நகரின் கால்பந்துப் பேச்சு இவ்விரு மொழிகளின் எல்லையில் நிகழ்வது. ஆ. மாதவனின் கதைகளில் வரும் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ் இன்றும் புழங்குகிறது. கொச்சிக்காரர் ‘சேட்டா’ என்று விளிக்கும் இடத்தில் திருவனந்தபுரத்து மலையாளி ‘அண்ணா’ என்பார், நண்பனை ‘அளியா’ என்பார். தெற்கே பூந்துறை, விழிஞ்ஞம், புல்லுவிளை, பொழியூர் என்று நீளும் கடற்கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் மணலில் பந்தாடி வளர்கிறார்கள். பொழியூரைத் தாண்டினால் தமிழ்நாடு. இவ்வளவு கால்பந்து இருந்தும், இந்தியன் சூப்பர் லீகில் இந்நகருக்கென்று ஓர் அணி இல்லை. ஆகவே இங்குள்ள பெரும்பாலோர், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே கொச்சி கலூரில் ஆடும் கேரளா பிளாஸ்டர்ஸைத் தம் அணியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2014-ல் தொடங்கிய அந்தக் கிளப் 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதியாட்டத்துக்கு வந்து மூன்றிலும் தோற்றது. லீக் கோப்பை அதன் கைக்கு எட்டியதே இல்லை.

தோற்கும் அணியின் ஆதரவாளர்கள் எல்லா ஊரிலும் மூன்று பொருள்களைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார்கள்: யாருக்குக் காயம், யாருக்கு உடல்தகுதி இல்லை, யாருக்கு ஈடுபாடு இல்லை. மூன்றாவதற்கு மலையாளத்தில் ஒரு கனமான சொல் இருக்கிறது, ‘ஆத்மார்த்தத’. அது வெறும் கடமையுணர்வைச் சுட்டுவதில்லை, மனமார்ந்த உண்மையைச் சுட்டுவது. தமிழிலும் ‘ஆத்மார்த்தமான’ என்ற வழக்கு உண்டு. இந்த மூன்று பொருள்களும் பேச்சில் தனித்தனியாக நிற்பதில்லை. முதலாவது இரண்டாவதாகவும் இரண்டாவது மூன்றாவதாகவும் மெல்ல உருமாறுகின்றன. அந்த மாற்றத்தின் விலையை ஆட்டக்காரரின் உடல் கொடுக்கிறது.

2023–24 சீசன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2023 டிசம்பர் 27 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானை 1–0 என்று வென்றபோது பிளாஸ்டர்ஸ் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் பட்டியலின் உச்சியில் இருந்தது. மீதமிருந்த 10 ஆட்டங்களில் கிடைத்தவை 7 புள்ளிகள் மட்டுமே. 33 புள்ளிகளோடு ஐந்தாம் இடத்தில் முடித்து, 2024 ஏப்ரல் 19 அன்று ஒடிஷாவுடனான வெளியேற்றும் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 2–1 என்று தோற்றது. ஒரு வாரத்தில் பயிற்சியாளர் இவான் வுக்கோமானோவிச்சும் கிளப்பும் பிரிந்தனர்.

இடையில் நடந்தவற்றை வரிசையாக அடுக்கினால் காரணத்தின் பெரும்பகுதி கண்ணில் படும். சீசன் தொடங்கும் முன்பே ஆஸ்திரேலிய முன்கள வீரர் ஜௌஷுவா சொட்டீரியோ கணுக்கால் காயத்தால் முழு ஆண்டையும் இழந்தார். அக்டோபரில் ஐபன் டோலிங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. டிசம்பரில் அணித்தலைவர் அட்ரியான் லூனாவுக்கு முழங்காலில் அறுவை. ஜனவரியில் சூப்பர் கோப்பையின்போது குவாமே பெப்ரா. பிப்ரவரியில் கோல்காப்பாளர் சச்சின் சுரேஷின் தோள்பட்டை. லூனாவின் இடத்தை நிரப்ப லிதுவேனியாவின் ஃபெதோர் செர்னிக் நடுச் சீசனில் வந்தார். லூனா மீண்டும் களத்தில் இறங்கியது அந்த ஒடிஷா ஆட்டத்தில்தான், அதுவும் மாற்று வீரராக.

இந்த மாதங்களில் ஆதரவாளர்களின் பேச்சு எப்படி நகர்ந்திருக்கும் என்பதைக் கால்பந்து பார்க்கும் எவரும் ஊகிக்கலாம். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரையும் அங்கே வேலைக்கு நிற்கும் ஓர் இளைஞனையும் கற்பனை செய்துகொள்ளலாம். டிசம்பரில் பேச்சு இப்படி இருக்கும்:

“லூனாவுக்கு முட்டில ஆப்பரேஷனாம், அண்ணாச்சி.”

“பாவம்டா தம்பி. அவனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்.”

பிப்ரவரியில்:

“இவனுக்கும் பரிக்காம், அண்ணாச்சி.”

“ஒரே டீம்ல இத்தனை பேருக்கா? பயிற்சியில என்னதான் செய்றானுவ?”

ஏப்ரலில்:

“கடைசி இருபது நிமிஷம் அவனால ஓட முடியல, அண்ணாச்சி.”

“முடியலையா? ஓட மாட்டேங்கான்னு சொல்லு.”

இந்த மூன்று உரையாடல்களிலும் இலக்கணம் நகர்ந்துகொண்டே போவதைக் கவனிக்கலாம். முதலில் வருவது ‘அவனுக்கு’. தமிழிலும் மலையாளத்திலும் பிற திராவிட மொழிகளிலும் வலி, பசி, காய்ச்சல், தூக்கம், அச்சம் போன்றவற்றை அடைபவர் பெரும்பாலும் எழுவாயாக வருவதில்லை. அவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ‘எனக்கு வலிக்கிறது’ என்கிறது தமிழ். ‘எனிக்கு வய்யா’ என்கிறது மலையாளம். உடம்புக்கு முடியவில்லை என்பது பொருள். இத்தொடர்களில் அந்த ஆள் எதையும் செய்யவில்லை, அவரிடம் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. மொழியியலாளர் இதை நான்காம் வேற்றுமை எழுவாய் என்று விவரித்து நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். இரண்டாம் நிலையில் ‘அவனால்’ என்ற மூன்றாம் வேற்றுமை வருகிறது: ‘அவனால் ஓட முடியவில்லை’. இங்கே ஆள் முயன்றிருக்கிறார், உடல் இடங்கொடுக்கவில்லை. மூன்றாம் நிலையில் அவர் வேற்றுமை உருபு எதுவும் இல்லாத எழுவாயாகிவிடுகிறார்: ‘அவன் ஓட மாட்டான்’. உடலைப் பற்றிய செய்தியாகத் தொடங்கியது மனத்தைப் பற்றிய தீர்ப்பாக முடிகிறது. இடையில் புதிய மருத்துவத் தகவல் எதுவும் வரவில்லை. வந்தவை சில தோல்விகள் மட்டுமே.

‘மாட்டு’ என்ற வினையின் வரலாறும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. பழந்தமிழில் அதற்கு ‘இயலுதல்’, ‘வல்லதாதல்’ என்று பொருள். பக்தி இலக்கியக் காலத்து ‘மாட்டேன்’ பெரும்பாலும் ‘என்னால் இயலாது’ என்றே பொருள்படும். இன்றைய தமிழில் அதே சொல் மறுப்பைக் குறிக்கிறது. இயலாமையைச் சொன்ன வடிவம் விருப்பமின்மையைச் சொல்லும் வடிவமாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. கால்பந்து ரசிகரின் பேச்சில் அதே மாற்றம் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு சிக்கலையும் இங்கே மறைக்கக் கூடாது. ‘அவனுக்கு ஈடுபாடு இல்லை’ என்பதும் நான்காம் வேற்றுமைத் தொடர்தான். மலையாளத்திலும் ‘அவனு ஆத்மார்த்தத இல்ல’ என்பதே வழக்கு. காயத்தையும் ஈடுபாட்டையும் மொழி ஒரே இடத்தில், ஆளின் உள்ளே, வெளியார் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறது. காயத்தைச் சரிபார்க்க ஸ்கேன் உண்டு. ஈடுபாட்டைச் சரிபார்க்க எந்தக் கருவியும் இல்லை. அளக்க முடியாததன் மேல் எந்தக் குற்றத்தையும் சுமத்தலாம், மறுக்க யாராலும் இயலாது. ‘அவருக்கு ஈடுபாடு இருந்தது’ என்பதற்கு ஓர் ஆட்டக்காரர் எந்தச் சான்றைக் காட்டுவார்? பெரும்பாலும் அவரால் காட்ட முடிவது ஒன்றே: வலியோடு ஆடுவது.

வலியோடு ஆடுவதைப் பற்றி மருத்துவம் சொல்வது ஆதரவாளரின் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிந்து அறுவை செய்துகொண்டவர்களை நார்வேயில் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 9 மாதங்கள் வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கண்டது. நடக்கவும் நேராக ஓடவும் அதற்கு வெகு முன்பே முடிகிறது. ஆறாம் மாதத்தில் ஒருவர் மைதான ஓரத்தில் ஓடும் காணொளியைப் பார்க்கும் ரசிகர், ‘நன்றாகத்தானே ஓடுகிறான், ஏன் இறக்கவில்லை?’ என்று கேட்பது இயல்பு. நேராக ஓடும் கால், எதிராளி மோதும்போது திடீரென்று திரும்பவும் தாங்கும் என்பதற்கு அந்தக் காணொளி சான்றாகாது.

தொடையின் பின்தசைக் காயம் இன்னும் தந்திரமானது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஇஎஃப்ஏ, யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் மருத்துவரின் தலைமையில் 2001 முதல் முன்னணிக் கிளப்புகளின் காயங்களைப் பதிவு செய்து வருகிறது. மொத்தக் காயங்களில் இந்தப் பின்தசைக் காயங்களின் பங்கு 2001–02-ல் 12 சதவீதமாக இருந்தது, 2021–22-ல் 24 சதவீதமாக உயர்ந்தது. உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி கொண்ட கிளப்புகளின் நிலையே இது. வேகமும் ஆட்டங்களின் நெருக்கமும் கூடியிருப்பதைக் காரணங்களாக ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். அங்கே ஆட்டக்காரர்களின் ஈடுபாடு இருபது ஆண்டுகளில் பாதியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அதே ஆய்வுத் தொடரின் இன்னும் இரண்டு முடிவுகள் இங்கே பயன்படும். காயச் சுமை குறைந்த சீசன்களில் அணிகள் லீகில் மேலான இடம் பெறுகின்றன என்று 11 ஆண்டுத் தரவைக் கொண்டு 2013-ல் ஒரு கட்டுரை காட்டியது. தலைமைப் பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே தகவல் ஒழுங்காகப் போய்வராத கிளப்புகளில் காயச் சுமை மிகுதியாக இருந்தது என்று மற்றொரு கட்டுரை காட்டியது. முதலாவது முடிவு ரசிகரின் உள்ளுணர்வை உறுதி செய்கிறது: காயங்கள் உண்மையிலேயே ஓர் அணியை வீழ்த்தும். இரண்டாவது முடிவு அவருடைய கேள்வியின் முகவரியை மாற்றுகிறது. இத்தனை பேருக்கு ஏன் காயம் என்பது ஆட்டக்காரரின் மனத்தைப் பற்றிய கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சித் திட்டம், பயணம், மருத்துவ அறை, ஆள் எடுக்கும் முன் செய்யும் உடற்பரிசோதனை, இவற்றை முடிவு செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்ற கேள்வியாகவும் அது இருக்கலாம்.

இத்தகைய விவாதத்தில் எப்போதும் ஒரு குரல் எழும்: ‘அந்தக் காலத்தில் இப்படியா?’ திருவனந்தபுரத்தில் அந்தக் காலத்துக்குத் திட்டமான முகவரி உண்டு. 1980-களின் நடுவில் உருவான கேரள போலீஸ் அணி 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி, கே.டி. சாக்கோ என்று அந்த அணியின் பெயர்களைப் பழைய ரசிகர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதே நகரில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கும் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவனத்துக்கும் அணிகள் இருந்தன. ‘அவர்களுக்கு ஆத்மார்த்தத இருந்தது, ஊசி போட்டுக்கொண்டு ஆடினார்கள்’ என்று பேச்சு முடியும்.

அவர்களின் ஈடுபாட்டை யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அந்த நினைவில் இரண்டு செய்திகள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, வலியோடு ஆடி நினைவில் நிற்பவர்களையே நாடு நினைவில் வைத்திருக்கிறது. வலியோடு ஆடி இருபத்து மூன்று வயதில் முழங்கால் போய் மைதானத்தை விட்டுச் சென்றவர்களின் பெயர்களை யாரும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. இரண்டாவது, அந்த அணிகள் கிளப்புகள் அல்ல, பணியிடங்கள். காவல் துறையிலோ வங்கியிலோ ஆலையிலோ சேர்ந்த ஆட்டக்காரருக்கு முழங்கால் போனாலும் வேலை போகாது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அந்தக் காலின் பின்னால் நின்றன. உடலைப் பணயம் வைக்கும் துணிவுக்கு அடியில் அரசாணையின் உறுதி ஒன்று இருந்தது.

அந்த உறுதி இருந்தும் எல்லாக் கணக்கும் நேராகவில்லை. சத்யன் இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 1992-ல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்றபோதும் அவரே தலைவர். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடி, அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தார். காயப்பட்ட காலோடு ஆடியவர் என்பதே அவரைப் பற்றிய கதைகளில் திரும்பத் திரும்ப வருவது. 2018-ல் வெளிவந்த ‘கேப்டன்’ என்ற மலையாளப் படமும் அந்த வலியைக் கதையின் நடுவில் வைத்தது. 2006 ஜூலை 18 அன்று சென்னைப் பல்லாவரத்தில் ரயிலில் அடிபட்டு அவர் இறந்தபோது வயது 41. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது யாருக்கும் தகாது. ஆயினும் வலியோடு ஆடியதை மட்டும் புகழ்ந்து, ஆட்டம் முடிந்த பின் அந்த வலி எங்கே போயிற்று என்று கேட்காத நினைவு, பாதி நினைவுதான்.

இன்றைய ஒப்பந்த ஆட்டக்காரருக்கு அந்தப் பணியிடமும் இல்லை. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரே 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் கலந்துவிட்டது. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் ஆடும் இருபது வயது இளைஞனுக்கு உடல்தகுதிதான் அடுத்த ஒப்பந்தம். கடலோரத்து வீடொன்றில் அந்த ஒப்பந்தம், படகுக் கடனையும் தங்கையின் படிப்பையும் தாங்கும் வருமானமாகவும் இருக்கக்கூடும். அவனுடைய தொடை இறுகத் தொடங்கும்போது எதிரே இரண்டு வழிகள் உள்ளன. சொன்னால் மூன்று வாரம் வெளியே உட்கார வேண்டும், அவன் இடத்துக்கு வேறொருவன் வருவான், வெளியே ‘இவனுக்கு எப்போதும் காயம்தான்’ என்ற பேச்சு தொடங்கும். சொல்லாமல் ஆடினால் தசை கிழிந்து மூன்று மாதம் போகலாம். ஆதரவாளர்களின் பேச்சு இந்தத் தராசின் ஒரு தட்டில் உண்மையான எடையாக விழுகிறது. ‘ஈடுபாடு இல்லாதவன்’ என்ற பெயருக்கு அஞ்சி வலியை மறைக்கும் இளைஞன், அணிக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டே அணியைப் பலவீனமாக்குகிறான்.

இதனால் ரசிகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அவருடைய ஈடுபாடு கண்ணால் காணத்தக்கது, எண்ணிச் சொல்லத்தக்கது. கலூரில் இரவு ஆட்டம் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து நண்பகல் ரயிலில் கிளம்புபவர், நள்ளிரவு வண்டியில் நின்றபடி திரும்பி, காலையில் வேலைக்குப் போகிறார். டிக்கெட்டுக்கும் மஞ்சள் சட்டைக்கும் தம் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார். தாம் கொடுத்ததற்கு ஈடானதை எதிரில் இருப்பவரிடம் தேடுவது மனித இயல்பு. தகவலோ அவருக்குக் கிடைப்பதில்லை. கிளப்பின் அறிக்கை இரண்டு வரியில் முடியும்: ‘காயத்தால் ஆடமாட்டார், விரைவில் குணமடைய வாழ்த்துகள்.’ எந்தத் தசை, எத்தனை வாரம், முன்பே இருந்த காயமா என்பவை பெரும்பாலும் வெளியே வருவதில்லை. ஆட்டக்காரரின் மருத்துவ விவரம் அவருடைய அந்தரங்கம் என்பதும் உண்மை. ஆக, தகவல் இல்லாத வெற்றிடத்தில் குணத்தைப் பற்றிய ஊகம் வந்து அமர்கிறது. சில வேளை ஊகம் சரியாகவும் இருக்கும். உடல்தகுதியைப் பேணாமல் முகாமுக்கு வருபவர்களும், மனம் வேறு கிளப்பில் இருப்பவர்களும் எந்த லீகிலும் உண்டு. ஆனால் தொலைக்காட்சித் திரையில் எண்பதாம் நிமிடத்தில் நடந்து திரும்பும் ஒருவரைப் பார்த்து, அது களைப்பா, வலியா, பயிற்சியாளரின் கட்டளையா, அலட்சியமா என்று பிரித்தறிய யாராலும் முடியாது. நான்குக்கும் திரையில் ஒரே தோற்றம்தான்.

அடுத்த சீசனில் நடந்தது இங்கே கவனிக்கத்தக்கது. புதிய பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயின் கீழ் பிளாஸ்டர்ஸ் முதல் 12 ஆட்டங்களில் 7-ல் தோற்று 11 புள்ளிகள் மட்டுமே எடுத்தது. முந்தைய ஆண்டு இதே கட்டத்தில் 26 புள்ளிகள். 2024 டிசம்பரில் ஸ்டாரே நீக்கப்பட்டார். அதே மாதத்தில், ‘மஞ்ஞப்பட’ என்ற பெரிய ஆதரவாளர் அமைப்பு நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து, இனி டிக்கெட் வாங்குவதிலும் விற்பதிலும் பங்கெடுப்பதில்லை என்று அறிவித்தது. இந்த முறை ஈடுபாடு இல்லாதவர் என்று சுட்டப்பட்டவர் ஆட்டக்காரர் அல்லர். ஆள் எடுப்பதிலும் பணம் செலவழிப்பதிலும் திட்டமிடுவதிலும் உரிமையாளர்களுக்கு ஈடுபாடு உண்டா என்பதே கேள்வி. ஒரு வகையில் இது மொழியின் திருத்தம். ‘மாட்டான்’ என்ற வினைக்குரிய எழுவாயை அவர்கள் மாற்றினார்கள். நிதியும் அதிகாரமும் உள்ளவரைப் பற்றி ‘செய்ய மாட்டார்’ என்று சொல்வதில் பொருள் இருக்கிறது, ஏனெனில் அவரால் செய்ய முடியும் என்பது வெளியே தெரியும். தசை கிழிந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல அந்த அடிப்படை இல்லை.

2025-ல் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், அவ்வாண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் முதல் அணியின் செயல்பாட்டையும் சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. வழக்கமாக லீக் தொடங்கும் செப்டம்பர் வந்தும் தேதி தெரியவில்லை. உடல்தகுதி என்பது நாள்காட்டியோடு பிணைந்தது. எந்த வாரத்தில் பளுவைக் கூட்டுவது, எந்த வாரத்தில் குறைப்பது என்பதெல்லாம் முதல் ஆட்டத்தின் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுவது. தேதியே இல்லாத ஆட்டத்துக்குத் தயாராக இரு என்று சொல்லப்பட்ட ஒருவர், பின்னர் திடீரென்று தொடங்கும் சீசனில் தசை கிழிந்து வெளியேறினால், அந்தக் காயத்தை யாருடைய ஈடுபாட்டுக் குறைவில் எழுதுவது?

திருவனந்தபுரத்துக்கு இப்போது சொந்தமாக ஓர் அணி இருக்கிறது. 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ், பாளையத்தில் காவல் துறைக்குச் சொந்தமான சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் ஆடுகிறது. முதல் ஆண்டே அரையிறுதி வரை போயிற்று. ஆறு அணிகளின் லீக், அணிக்குப் பத்து லீக் ஆட்டங்கள், எல்லாம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள். இவ்வளவு குறுகிய சீசனில் மூன்று வாரத் தொடைக் காயம் ஓர் ஆட்டக்காரரின் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வலியை மறைக்கும் தூண்டுதல் இங்கே இன்னும் வலுவாக இருக்கும். ஆடுபவர்களில் பலர் இதே மாநிலத்துப் பிள்ளைகள். மைதானம் சிறியது. படிக்கட்டில் இருந்து கத்துவது களத்தில் தெளிவாகக் கேட்கும்.

அங்கே ஒரு வினைமுற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. கோபப்படலாம், தோல்விக்குக் கணக்குக் கேட்கலாம், நிர்வாகத்திடம் விளக்கம் கேட்கலாம். களத்தில் நொண்டுபவரைப் பற்றி மட்டும், உறுதியான சான்று கிடைக்கும் வரை, ‘முடியவில்லை’ என்ற சொல்லிலேயே நின்றுகொள்ளலாம். அவரும் நாளைக்கு நடக்க வேண்டிய மனிதர்.